ஒற்றை விரலுக்குத் திரும்பிய கார்

டிரைவர் குழந்தைவேலுவுக்கு வயிற்றெரிச்சல் என்றால் நிஜமாகவே வயிறு எரியும். யாரோ புது சைக்கிள் வாங்கிவிட்டார்கள், யார் வீட்டிலோ கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து தையல் மிஷின் வந்து இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும். மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, இட்லி வேண்டாம் அக்கா, மோர் இருந்தால் கொடுங்கள் என்பார். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இட்லிக் கடை போட்டிருந்த நான் அவருடைய மோர்க் கணக்கிலிருந்தே ஊரில் யார் யார் முன்னேறினார்கள் என்று தெரிந்துகொள்வேன். "இன்னிக்கு யாரு வாழ்ந்துட்டாங்க?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார். மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டே வெளியில் வாழ்த்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இவர் அந்த ரகம் இல்லை.

ஆள் நல்ல ஆள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம். ஐம்பத்தாறில் கப்பலேறி வந்து, காட்டில் வெட்டிய மரங்களை லாரியில் இழுத்தார். அடுத்த வருஷமே காண்ட்ராக்டர் சிவஞானத்திடம் ஜீப் ஓட்டச் சேர்ந்தார். ரோடு, பாலம், ஆபீஸ் கட்டடம் என்று எது வந்தாலும் எடுத்துச் செய்தவர் சிவஞானம். ஹேடோவில் அவருக்குப் பெரிய வீடும் வண்டி நிறுத்தும் ஷெட்டும் இருந்தன. அந்த ஜீப் யுத்த காலத்து ஜீப். அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவது முரட்டு மாட்டைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற வேலை. திருப்பித் திருப்பி அவருடைய தோளும் கையும் அப்படித் திரண்டுவிட்டன. கடையில் வாங்கிய சட்டை எதுவும் கையில் ஏறாது. அவர் மனைவி ருக்குதான் கைப் பக்கத்தைப் பிரித்து, ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

அறுபத்தாறில் முதலாளிக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. கல்கத்தாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் அமெரிக்கக் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். ஹேடோ ஜெட்டியில் கிரேன் அதைத் தூக்கி இறக்கியபோது பாதி போர்ட் பிளேர் அங்கேதான் நின்றது. ஆகாய நீல நிறம். முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு என்று சொல்லலாம் போல அப்படி ஒரு நீளம். அன்றைக்கே அதற்குப் படகுக் கார் என்று பெயர் விழுந்துவிட்டது.

குழந்தைவேலு தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் பட்டையாக விபூதி பூசி வந்திருந்தார். இத்தனை வருஷமாக முதலாளிக்கு வண்டி ஓட்டுகிறவர். சாவி வேறு யார் கைக்குப் போகும்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கார் தரையைத் தொட்டதும் முதலாளி திரும்பிக் கேட்டார். "இதுல பவர் ஸ்டியரிங்காம்ப்பா. நம்மாளுல யாராச்சும் ஓட்டிருக்கீங்களா?"

குழந்தைவேலு ஓட்டியதில்லை. அவருக்குப் பொய் சொல்லவும் வராது. கொஞ்ச நாள் முன்புதான் முதலாளியின் லாரிக்கு வந்து சேர்ந்த உதுமான் பின்னாலிருந்து, "நான் ஓட்டிருக்கேன் மொதலாளி. கொழும்புல ஒரு கம்பெனி தொரைக்கு" என்றார். கீழக்கரைக்காரர், குழந்தைவேலுவைவிட வயதில் இளையவர், ஒல்லி. சாவி குழந்தைவேலுவின் மூக்குக்கு முன்னால் கை மாறிப் போனது. மறுநாள் அவர் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

பவர் ஸ்டியரிங் என்றால் என்ன என்று உதுமான்தான் என் ஆட்டுக்கல்லைக் காட்டி எனக்கு விளக்கினார். "நீங்க கொழவியில சும்மா கைய வைக்கிறீங்க. மறைவுல இன்னொரு ஆளு ஒக்காந்து அதச் சுத்துறான்னு வச்சுக்கங்க. அந்த ஆளுதான் இதுல இருக்குற எண்ணெ." எஞ்சினோடு ஒரு பெல்ட் ஓடுமாம். அந்தப் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுமாம். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ள, நாம் தொட்ட பக்கம் சக்கரம் தானாகத் திரும்பிவிடுமாம். அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைத்தால் இட்லியை இன்னும் மலிவாகவே கொடுப்பேன் என்றேன்.

விளக்கமெல்லாம் யாருக்கு வேண்டும்? அபர்தீன் கடைத்தெரு மணிக்கூண்டைச் சுற்றி அந்தக் கார் வருவதைப் பார்த்தாலே போதும். அத்தனை பெரிய உடம்பை உதுமான் ஒரே ஒரு விரலால் திருப்புவார். ஆட்காட்டி விரலைச் சக்கரத்தின் மேல் வைத்து ஒரு சுழற்று. மற்ற கை ஜன்னல் மேல் சும்மா கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். பின்னால் ஜீப்பில் வரும் குழந்தைவேலு, இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதே வளைவில் திரும்புவார். அவரை ஒரு பிள்ளையும் பார்க்காது.

உதுமான் தாராளமான மனிதர். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே" என்று எத்தனையோ முறை சாவியை நீட்டியிருக்கிறார், என் கண் முன்னாலேயே. குழந்தைவேலு தொடமாட்டார். "அடுத்தவன் எலையில கை வைக்க நான் என்ன சோத்துக்குச் செத்தவனா? குடுத்தா முழுசா குடுக்கணும்" என்று அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொல்வார். தொட்டுப் பார்த்துவிட்டால் ஆசை இன்னும் கூடிவிடும் என்ற பயமும் இருந்திருக்கும். எப்படியோ, கார் வந்து வருஷக்கணக்காகியும் அவர் அந்தச் சக்கரத்தை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு அவர் பாடு இன்னும் மோசமானது. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் மொய்க்குப் பதிலாகக் காரை அனுப்பிவிடுவது முதலாளியின் வழக்கம். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று யார் வீட்டுப் பெண்ணும் படகுக் காரில் ஏறினால்தான் கல்யாணம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. டிரைவருக்கும் சேர்த்து மரியாதை. வங்காளிகள் வாயில் சந்தேஷ் இனிப்பு ஊட்டினார்கள், தெலுங்கர்கள் வேட்டி கொடுத்தார்கள், நம்மவர்கள் சந்தனம் பூசினார்கள். அந்த வருஷங்களில் போர்ட் பிளேரில் எடுத்த கல்யாணப் போட்டோக்களைப் பாருங்கள். பாதியில் பானட்டின் மேல் கை வைத்துக்கொண்டு உதுமான் நிற்பார். குழந்தைவேலு கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ருக்கு தனியாகப் போய் வருவாள்.

அவருக்கு ஒரே மகள், நீலாவதி. உதுமானுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் குடியிருந்தன. உதுமானின் மனைவி ஜைனப்தான் நீலாவதிக்குத் துணியில் பூ வேலை சொல்லிக் கொடுத்தாள். மழைக் காலத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அந்தப் பக்கம் வந்தால் உதுமான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவளும் "பாய் மாமா, பாய் மாமா" என்று ஒட்டிக்கொள்வாள். குழந்தைவேலு ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "நனைஞ்சு காச்சல் வந்தாலும் பரவால்ல, அந்த வண்டியில ஏறாத" என்றார். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டியும் விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மோர் கேட்டார்.

எழுபத்திரண்டில் மழை ஓய்ந்த சமயம். ஒரு நாள் கண்களெல்லாம் மின்ன வந்து உட்கார்ந்தார். மோர் கேட்கவில்லை. நான்கு இட்லி போடச் சொன்னார்.

"அக்கா, கவனிச்சீங்களா? ஒத்த வெரலு போயி உள்ளங்கை வந்துருச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணிக்கூண்டு வளைவில் உதுமான் இப்போதெல்லாம் விரலால் திருப்புவதில்லையாம், உள்ளங்கையை வைத்து அழுத்துகிறாராம். அடுத்த வாரம், "ரெண்டு கையும் வந்துருச்சுக்கா" என்று ஆறு இட்லி சாப்பிட்டார். திருப்பும்போது காருக்குள்ளிருந்து பூனை முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வேறு வருகிறதாம். உதுமான் திருப்பத் திணறுகிறார் என்று முதலாளிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர்கூட இத்தனை அக்கறையாக நாடி பிடித்துப் பார்க்கமாட்டார்.

உதுமான் மறைக்கவில்லை. முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னார். பம்பிலிருந்து போகும் ரப்பர் பைப் வெடித்து எண்ணெய் ஒழுகிவிட்டது, பைப்பும் அதற்கென்று உள்ள சிவப்பு எண்ணெயும் கல்கத்தாவிலிருந்து வர வேண்டும், அதுவரை காரை வெளியே எடுக்காமல் இருந்தால் நல்லது என்றார். கப்பல் தாமதமானால் வெங்காயமே கிடைக்காத ஊர் இது. கார் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது என்று முதலாளி எரிந்து விழுந்தார். குழந்தைவேலு அப்போது ஜீப்பைத் துடைக்கிற பாவனையில் அங்கேயே நின்றிருக்கிறார்.

"கோளாறு எண்ணெயிலயும் இல்ல, பைப்புலயும் இல்ல மொதலாளி. சொகுசுக்குப் பழகுன கை, நோவுது. நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

முதலாளி சாவியைக் கொடுத்தார். ஆறு வருஷம் காத்திருந்த சக்கரத்தில் குழந்தைவேலு முதல் முதலாகக் கை வைத்தார். ஹேடோவிலிருந்து அபர்தீன் போய், மணிக்கூண்டைச் சுற்றித் திரும்பி வந்து, இறங்கி, "வண்டி கல்லு மாதிரி இருக்கு. ஒரு கோளாறும் கெடையாது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. நல்ல நிலையில் அந்த ஸ்டியரிங் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததெல்லாம் ஜீப். செத்துப்போன பவர் ஸ்டியரிங் அவருடைய கைக்கு ஜீப்பைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருந்தது. பெரிய வண்டி, கனமாகத்தானே இருக்கும் என்று நினைத்துவிட்டார். உதுமான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை. "பைப்பு வர்ற வரைக்கும் நீ ஜீப்ப எடுத்துக்க. குழந்தவேலு கார ஓட்டட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் குழந்தைவேலுவின் கால் தரையில் பாவவில்லை. முனகல் சத்தம்கூட அவருடைய பெருமைக்கு வழி செய்தது. பானட்டைத் திறந்து பார்த்து, காய்ந்துபோன பம்பைச் சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டைக் கழற்றி ஷெட்டில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. "உதுமானுக்குத் தெரியாத வேல உனக்குத் தெரிஞ்சிருக்கே" என்று முதலாளி முதுகில் தட்டினாராம். இதை என் கடையில் மட்டும் பத்து பேருக்காவது சொல்லியிருப்பார். பெல்ட் இல்லாமல், இனிமேல் எண்ணெய் நிரப்பினாலும் அந்தச் சக்கரத்துக்குத் துணைக்கு யாரும் இல்லை.

மணிக்கூண்டைச் சுற்றும்போது அவரும் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. உதுமான் ஏதோ வித்தை காட்டி ஊரை ஏமாற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினார். ராத்திரி ருக்கு தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "இவ்வளவுதானாக்கா? இதுக்கா இத்தன வருசம்…" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

சரி, கார் கிடைத்துவிட்டது, வயிறு குளிர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜீப்பில் உதுமான் போவதைப் பார்த்து அடுத்த எரிச்சல் தொடங்கியது. திறந்த ஜீப், தெருப் பிள்ளைகள் தொற்றிக்கொள்கிறார்கள், உதுமான் அவர்களை டாலிகஞ்ச் மேடு வரை ஏற்றிப் போய் இறக்கிவிடுகிறார். "நான் ஓட்டுறப்ப ஒரு பயலும் ஏறலியேக்கா" என்றார். நீங்கள் ஏற்றினீர்களா என்று கேட்டேன். ஒரு டம்ளர் மோர்.

தை மாதம் நீலாவதிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை பழனிசாமி, ஹேடோ துறைமுகத்தில் வேலை. முருகன் கோயிலில் தாலி கட்டு. பெண் படகுக் காரில்தான் கோயிலுக்குப் போவாள் என்று முதலாளி சொல்லிவிட்டார். குழந்தைவேலு, பெண்ணின் அப்பாவே காரை ஓட்டுவார் என்று அறிவித்தார். சொந்தக்காரர்கள், அப்பாக்காரன் மாலையும் கழுத்துமாக நிற்காமல் வண்டி ஓட்டுவதாவது என்று சண்டைக்கு வந்தார்கள். அவர் அசையவில்லை. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஓட்டியவன் என் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஓட்டிப் போட்டோவில் நிற்பதா என்பதுதான் அவருடைய வாதம். அதை என்னிடம் மட்டும் சொன்னார். "மாலையும் வேணாம், மண்ணும் வேணாம்கா. எம்மகள நான் கூட்டிட்டுப் போறத அந்தாளு நின்னு பாக்கணும். அது போதும்."

இதற்கிடையில் உதுமான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த கப்பல்காரர் ஒருவரிடம் கல்கத்தாவில் பைப்பும் எண்ணெயும் வாங்கி வரச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் கப்பல் வந்தது. குழந்தைவேலு பந்தலுக்குத் தென்னங்கீற்று கட்டிக்கொண்டிருந்தபோது, ஷெட்டில் உதுமான் முதலாளியின் அனுமதியோடு பைப்பை மாட்டி, எண்ணெய் நிரப்பி, ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துத் திரும்பவும் போட்டார். நீலாவதி கல்யாணத்துக்குக் கார் நன்றாகப் போக வேண்டும் என்பதுதான் எண்ணம் என்று என்னிடம் சொன்னார். அது நிஜம். கார் சரியானால் தன் கைக்கே திரும்பும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். அவரும் மனிதர்தானே.

காலையில் அவரே காரைக் கழுவி, பூ கட்டி, டாலிகஞ்சுக்குக் கொண்டுவந்து குழந்தைவேலு வீட்டு வாசலில் நிறுத்தினார். அதைப் பார்த்ததும் குழந்தைவேலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, ஸ்டியரிங்க சரி பண்ணியிருக்கேன். இப்ப ரொம்ப லேசா…"

"என் வண்டிக்கு என்ன கொறச்சல்? ஒங்கள யாரு தொடச் சொன்னா?"

"இல்லண்ணே, பாத்துத் திருப்பணும், முன்ன மாதிரி…"

"நீங்க எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்க வேணாம் பாய். போயி ஜீப்ப எடுத்துட்டுப் பின்னாடி வாங்க. சலோ."

கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று உதுமான் போய்விட்டார். நானும் ருக்குவும் நீலாவதியை நடுவில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினோம். என் மடியில் தேங்காய் பழத் தட்டு. பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் நடந்தார்கள். வீட்டிலிருந்து ரோடு நேராகச் சரிந்து இறங்கும். அடிவாரத்தில் இடது பக்கம் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் சாக்கடை, அதைத் தாண்டி வங்காளிக்காரர் ஒருவரின் வாழைத் தோட்டம்.

பேண்டு வளைவைத் தாண்டிவிட்டது, கார் சரிவில் வேகம் பிடித்து வளைவுக்கு வந்தது. குழந்தைவேலு வழக்கம்போல் மூச்சைப் பிடித்து, தோளை முன்னால் தள்ளி, இரண்டு கையாலும் சக்கரத்தை ஓங்கி இழுத்தார். சக்கரம் பம்பரம் மாதிரி சுழன்றது. கார் இடது பக்க மண்மேட்டை நோக்கிப் பாய, அவர் பதறிப்போய் அதே பலத்தோடு வலது பக்கம் இழுத்தார். அவ்வளவுதான். ரோட்டைக் குறுக்காகக் கடந்து, சாக்கடை மேல் ஒரு குதி குதித்து, வாழைத் தோட்டத்துக்குள் இறங்கி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு வாழைத்தார் தொங்கியது. தேங்காய் என் காலில் விழுந்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீலாவதியின் பூ கலைந்ததோடு சரி. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஜீப்பில் வந்த உதுமான் குதித்து ஓடிவந்தார். ஆட்கள் சேர்ந்து பலகை போட்டுத் தள்ளி, காரை ரோட்டுக்கு ஏற்றினார்கள். அதுவரை குழந்தைவேலு சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே ஆளாளுக்கு, "உதுமான் ஓட்டட்டும்பா" என்று கத்தினார்கள்.

நீலாவதி முன்னால் குனிந்து அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, பாய் மாமா ஓட்டட்டும்ப்பா."

அந்த ஒரு வார்த்தையில் அவர் உடைந்து போனதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். அத்தனை பெரிய தோள் அப்படியே இறங்கிவிட்டது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

உதுமான் கதவைத் திரும்ப அவர் மேலேயே சாத்தினார். "எறங்காதீங்கண்ணே. ஒங்க மக. நீங்கதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு, ஜீப்பை வேறொருவரிடம் கொடுத்து, மறுபக்கமாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "இழுக்காதீங்க. சும்மா தொடுங்க. அதுவா திரும்பும்."

குழந்தைவேலு தொட்டார். கார் திரும்பியது. இன்னும் கொஞ்சம் தொட்டார். இன்னும் திரும்பியது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. ருக்கு, "ஹேடோவுக்குத்தான போறா, என்னமோ மெட்ராஸுக்கு அனுப்புற மாதிரி அழுவுறீங்களே" என்றாள். அவர் மகளுக்காக அழவில்லை. "பாய்… இப்படியா இருந்துச்சு? இத்தன வருசமும் இப்படியேவா இருந்துச்சு?" என்று கேட்டார். உதுமான், "ஆமாண்ணே" என்றார்.

கோயில் வாசலில் முதலாளி காத்திருந்தார். பம்பரில் வாழைச் சருகு, பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். "என்னடா இது?" என்றார். குழந்தைவேலு வாயைத் திறப்பதற்குள் உதுமான் முந்திக்கொண்டார். "மாடு குறுக்க வந்துருச்சு மொதலாளி. அண்ணன் சட்டுனு ஒடிச்சுக் காப்பாத்திட்டாரு. வேற யாராச்சும்னா வண்டி கவுந்திருக்கும்." பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தன்று வசவு விழக்கூடாது என்று சொன்ன பொய். முதலாளி அப்படியே நம்பி, குழந்தைவேலுவின் தோளில் கை போட்டு, எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். "பொண்ணையும் காப்பாத்தி வண்டியையும் காப்பாத்திட்டியே! இனிமே இந்தக் கார் ஒங்கிட்டதான். உதுமான் ஜீப்ப வச்சுக்கட்டும்."

உதுமான் சிரித்துக்கொண்டுதான் நின்றார். தாலி கட்டு முடிந்தது, போட்டோ எடுத்தார்கள். பானட்டின் மேல் கை வைத்துக்கொண்டு குழந்தைவேலு நின்றார். பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஹேடோவுக்குக் கிளம்பினார். பாத்திரங்களோடு என்னைக் கொண்டுவிட உதுமான் ஜீப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கோயிலுக்குக் கீழே ரோடு சட்டென்று ஒடிந்து திரும்பும். படகுக் கார் அங்கே போனபோது குழந்தைவேலுவின் ஒரு கை ஜன்னல் மேல் கிடந்தது. இன்னொரு கையின் ஒரே ஒரு விரல் சக்கரத்தில். அத்தனை நீளக் காரும் அலுங்காமல் திரும்பியது. அங்கே நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நான் உதுமானைப் பார்த்தேன். அவர் கண் கொட்டாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரேக்கச் சேத்துப் புடிக்கணும் அங்க. அண்ணனுக்கு எங்க தெரியப் போவுது" என்றார். குரல் உதுமானுடையதாக இல்லை. கார் மறைந்த பிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பைப்ப நான் மாத்தாம விட்டிருக்கலாம் செல்லக்கா" என்றார்.

பாத்திரங்களை ஏற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜீப்பைக் கிளப்பி, அதே வளைவில், இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.